ஜன்னல், அலமாரி கண்ணாடி பீடிங்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உடுமலையிலிருந்து

எங்கள் வீடு உடுமலைக்கு மேற்கே தோட்டத்துக்குள் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயில் நுழைகிற காற்று ஆனியில் ஆரம்பித்தால் ஆவணி வரை ஓயாது. வீடு கட்டி மூன்றாவது வருஷம், ஆடி மாசத்து ராத்திரிகளில் மேற்கு ஜன்னல் கடகடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. கொக்கிதான் லூஸ் என்று நினைத்து, காகிதத்தை மடித்துச் சொருகி நாலு நாள் ஓட்டினோம். ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால், கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்து வைக்கிற மெல்லிய மரக் குச்சிகளில், அதாவது பீடிங்கில், கீழ்ப்பக்கத்தது மகள் படிக்கிற மேஜைமேல் விழுந்து கிடந்தது. கண்ணாடி மற்ற மூன்று பீடிங் பிடியில் நின்றுகொண்டிருந்தது. அந்த மேஜையில்தான் அவள் தினமும் ஒன்பது மணி வரை உட்கார்ந்து எழுதுவாள். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

விழுந்த பீடிங்கை ஒடித்தேன். முறுக்கு மாதிரி ஒடிந்து மாவு கொட்டியது. ஜன்னல் நிலையும் கதவுச் சட்டமும் கன அடிக் கணக்கில் விலை கொடுத்து வாங்கிய தேக்கு. பீடிங்கை மட்டும் அதே மரத்தில் ஓரத்தில் கழித்த வெள்ளையில், அதாவது பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதியில், கிழித்திருக்கிறார்கள். தேக்கே ஆனாலும் வெள்ளை, நடுமரமான வைரத்தைப் போல நாள்பட உழைக்காது. அதில் மாவுச்சத்து இருக்கிறது, உளு வண்டு அதைத்தான் தேடி வரும். வார்னிஷ் அடித்துவிட்டால் நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வெளியிலிருந்து காற்று தள்ளும்போது உள்ளே முட்டுக்கொடுக்க இருப்பது அந்த அரை அங்குல ரீப்பர் ஒன்றுதான். அதைப் போய்க் கழிவில் செய்யலாமா?

பக்கத்து ஊர்ப் பெரிய ஆசாரியைக் கூட்டிவந்தேன். "ஏனுங்க, இந்தத் தடவை கண்ணாடியைச் சட்டத்துக் காடிப் பள்ளத்துல இறுக்கமா வெச்சுருங்க, ஆடக்கூடாது" என்றேன்.

"இறுக்கமா வெச்சா மரம் உப்புறப்ப கண்ணாடி வெடிச்சுருமுங்க. சுத்தியும் அரை நூல் எடம் உடோணும். ஆடாம இருக்கறதுக்கு லப்பம் இருக்குது, பீடிங் இருக்குது" என்றார். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு; லப்பம் என்பது இடுக்கை அடைக்கிற பூச்சு.

காடியைச் சுரண்டித் துடைத்தார். மெல்லிசாக லப்பம் இழுத்து, அதில் கண்ணாடியைப் பதித்தார். குட்டைப் பீடிங் இரண்டையும் முதலில் வைத்து, நெட்டைப் பீடிங்கை லேசாக வில் மாதிரி வளைத்து உள்ளே விட்டார். நாலு மூலையும் 45 டிகிரியில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அடுத்த ஆடிக்கு அந்த ஜன்னலில் சத்தமே இல்லை.

உங்கள் வீட்டில் எப்படி? நடந்ததை எழுதுங்கள், வீடு கட்டுகிறவர்களுக்கு உதவும்.

கோபியிலிருந்து, மரவேலை செய்பவன்

அண்ணா, நீங்கள் சொன்னது எங்கள் தொழிலில் இருக்கிற குறைதான், ஒத்துக்கொள்கிறேன். கண்ணாடி வேலை கடைசியில் வருகிறது. அதற்குள் வீட்டுக்காரர் கையில் காசு தீர்ந்திருக்கும், ஆசாரிக்கு அடுத்த வேலை காத்திருக்கும். கடையில் மிஷின் பீடிங் கட்டாக வாங்கி அடித்துவிட்டுப் போவது நடக்கிறது. அது காயாத மரமாக இருந்தால் ஒரே சித்திரையில் சுருங்கி, மூலையில் வாய் பிளந்துவிடும்.

நான் சட்டம் அறுக்கும்போதே பீடிங்குக்கும் வைரப் பகுதியில் ஒதுக்கி, நிழலில் அடுக்கிவிடுவேன். அடிக்கும்போது ஒரு விஷயம்: பீடிங்கில் நேராக ஆணி இறக்கினால் பிளக்கும். மெல்லிய ஆணி ஒன்றின் தலையை வெட்டி, டிரில்லில் மாட்டி, அதையே பிட்டாக வைத்து ஓட்டை போட்டுக்கொள்வேன். ஆணி கண்ணாடியை ஒட்டியே போக வேண்டும், அதன் பக்கம் சாய்ந்தால் போச்சு. சுத்தியலைக் கண்ணாடிமேல் படுக்க வைத்த மாதிரி வழுக்கி வழுக்கித்தான் தட்டுவேன். இடையில் ஒரு அட்டை வைத்துக்கொண்டால் கீறல் விழாது.

பீடிங்குக்குப் பசை போடச் சொல்லாதீர்கள். என்றைக்காவது ஒருநாள் கண்ணாடி உடையும், அன்றைக்கு அது கழன்று வர வேண்டும்.

திருப்பூரிலிருந்து

அலமாரிக் கதவில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்தபோது, பீடிங்குக்குப் பின்னால் வினிகர் மாதிரி புளித்த வாசம் அடிக்கிற சிலிக்கான் பசையைப் பூசிவிட்டார்கள். கொஞ்ச நாளில் ஓரமெல்லாம் கறுத்தது. அதிலிருந்து வருகிற அமிலம் பின்பக்கத்துப் பூச்சை அரித்துவிடுமாம். அந்த அமிலம் வராத நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள்.

ஈரோட்டிலிருந்து

கோபிக்காரர் பசை பற்றி எழுதியதும் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டு அலமாரி ஞாபகம் வந்துவிட்டது. நடுவில் முற்றம் வைத்த அந்தத் தொட்டிக்கட்டு வீட்டைப் பிரித்தபோது நான் கேட்டு வாங்கிவந்த ஒரே சாமான் அதுதான். ஆனைமலைத் தேக்கு என்று அப்பிச்சி (அம்மாவின் அப்பா) சொல்லிக்கொண்டிருப்பார். மலைச்சரிவில் மரத்தைச் சறுக்கிவிட்டதால்தான் ஆனைமலையில் இருக்கிற டாப்சிலிப்புக்கு அந்தப் பேர் வந்தது என்பதும் அவர் சொல்லிக் கேட்டதுதான்.

வண்டியில் வரும்போது ஒரு கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. மாற்றலாம் என்று பீடிங் ஓரத்து வார்னிஷைப் பிளேடால் கீறிவிட்டு, நெட்டைப் பீடிங்கின் நடுவில் லப்பம் இழுக்கிற தகட்டை நுழைத்து மெதுவாக நெம்பினேன். மூலையில் நெம்பினால் முனை ஒடிந்துவிடும். நடு வளைந்து, ஆணியோடு முழுசாகக் கழன்று வந்தது.

திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் உளியால் ஒரு கீறல். அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று, கடைசியில் நான்கு. சட்டத்தின் காடிக்குள்ளும் அந்தந்த இடத்தில் அதே கீறல்கள். எது எங்கே இருந்தது என்று பின்னால் கழற்றுகிறவன் குழம்பக்கூடாதென்று அலமாரி செய்த ஆசாரி செய்து வைத்திருக்கிறார். அவர் யார் என்று சொல்ல இப்போது யாரும் இல்லை. கீறல் பார்த்து நாலையும் பழைய இடத்திலேயே வைத்தேன். பழைய ஆணி ஓட்டைகூட நேராக வந்து நின்றது.

உடுமலையிலிருந்து

நேற்று மேற்குப் பக்கத்து மற்ற மூன்று ஜன்னலையும் குத்தூசியால் குத்திப் பார்த்தேன். பன்னிரண்டு பீடிங்கில் ஐந்தில் ஊசி உள்ளே போய்விட்டது. ஆசாரியை வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். கீறல் போட்டு வைக்கச் சொல்லப் போகிறேன்.