வாரன் ஸ்பான்: 42 வயதில் 23 வெற்றி எப்படிச் சாத்தியமானது?

கேள்வி (மூன்றாம் தளம்):
அமெரிக்க பேஸ்பால் அணி மில்வாக்கி பிரேவ்ஸின் பிட்ச்சர் (பந்து வீசுபவர்) வாரன் ஸ்பான் கணக்கில் 1953-இல் 23 வெற்றி, 7 தோல்வி. பத்து வருடம் கழித்து 1963-இலும் அச்சு அசலாக அதே 23, 7. அப்போது அவருக்கு 42 வயது. பந்தின் வேகம் எப்போதோ குறைந்துவிட்டது என்கிறார்கள். பிறகு எதை வைத்து ஆட்டக்காரர்களை ஏமாற்றினார்? இரண்டாம் உலகப் போரில் போன மூன்று வருடங்களும் இருந்திருந்தால் 363 வெற்றி 400 ஆகியிருக்குமா?

பதில் (இடக்கை):
நண்பரே, முதலில் அவருடைய வீச்சைப் பாருங்கள். இடது கால் பிட்ச்சர் நிற்கும் பலகையில் ஊன்றியிருக்கும். இரண்டு கையும் பின்னால் போய்த் தலைக்கு மேல் வரும். பிறகு வலது கால் முக உயரத்துக்கு எழும். அந்தக் காலும் கையுறையும் திரை போல முன்னால் நிற்க, பந்து உடம்புக்குப் பின்னால் மறைந்துவிடும். தலைக்கு மேலிருந்து கை இறங்கும் கடைசி நொடியில்தான் பந்து பேட்டரின் கண்ணில் படும். பிட்ச்சருக்கும் பிளேட்டுக்கும் (பேட்டர் அருகே தரையில் உள்ள பலகை) இடையே 60 அடி 6 அங்குலம். 90 மைல் வேகப் பந்து பேட்டரை அடைய ஏறத்தாழ 0.4 வினாடிதான். அதில் துளி நேரத்தைத் திருடினாலே பேட்டரின் கணக்கு தப்பிவிடும்.

இதைப் பார்த்துப் பழகும் பையன்கள் காலை மட்டும் தூக்குகிறார்கள். கால் ஏற ஏறத் தலை பின்னால் சாய்கிறது, ஊன்றிய முட்டி ஆடுகிறது, பந்து மேலே போய்விடுகிறது. ஸ்பானின் தலை நிலையாக இருக்கும். அதைப் பழகாமல் காலைத் தூக்கி ஒரு பயனும் இல்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கால் அவ்வளவு மேலே போனால் முதல் பேஸில் (பேட்டர் அடித்துவிட்டு ஓடிச் சேரும் முதல் நிலை) நிற்பவன் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவான். ஆனால் இடக்கைக்காரர் முதல் பேஸைப் பார்த்தபடிதான் நிற்பார். ஸ்பானோ அங்கே பந்தை எறிந்து ஆளைப் பிடிப்பதில் கைதேர்ந்தவர். அதனால் யாரும் துணிந்து பேஸை விட்டு நகர மாட்டார்கள்.

பதில் (பழைய ஸ்கோர்கார்டு):
மேலே சொன்னது பாதி. மீதி அவர் பிறகு கற்றுக்கொண்ட பந்துகள். 1949 முதல் 1952 வரை நான்கு வருடமும் நேஷனல் லீகில் (மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்று) ஸ்ட்ரைக்-அவுட்டில், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவதில், முதலிடம்; அது ஃபாஸ்ட்பால் (வேகப் பந்து) காலம். வேகம் இறங்கத் தொடங்கியதும் ஸ்க்ரூபாலைச் சேர்த்தார், பின்னர் ஸ்லைடரையும். ஸ்க்ரூபாலுக்கு விடும்போது முன்கையை உள்பக்கமாக முறுக்க வேண்டும். இடக்கைக்காரர் வீசினால் அது வலக்கை பேட்டரை விட்டு விலகும். ஸ்லைடரோ அவர் உடம்பை நோக்கி வரும். ஒரே மாதிரிக் கையசைவில் ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. பிளேட்டின் நடுப்பகுதியை ஸ்பான் எதிராளிக்குக் கொடுக்கவே இல்லை.

பலன் சொல்கிறேன்: முதல் நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூட, அதாவது அடித்து பேஸ் சேரும் வாய்ப்புகூட, தராத ஆட்டம்) 1960 செப்டம்பரில் பிலடெல்ஃபியாவுக்கு எதிராக, 39 வயதில், 15 ஸ்ட்ரைக்-அவுட்டோடு. இரண்டாவது 1961 ஏப்ரல் 28-இல் ஜயன்ட்ஸுக்கு எதிராக, 40 வயது நிறைந்த ஐந்தாம் நாள்.

ஆனால் 1963 எண்களைப் பார்க்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அந்த வருடம்தான் ஸ்ட்ரைக் மண்டலத்தை (பேட்டர் அடிக்காவிட்டாலும் பந்து ஸ்ட்ரைக் ஆகும் பரப்பு) விரித்தார்கள். எல்லாப் பிட்ச்சருக்கும் அது சாதகம். 1953-இல் அவருடைய ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்; குறைந்தால் நல்லது) 2.10, 1963-இல் 2.60. வெற்றிக் கணக்கு ஒன்றாக இருந்தாலும், 1953 தான் மேலானது.

மூன்றாம் தளம்:
நன்றி. போர் வருடங்கள் பற்றியும் யாராவது சொல்லுங்களேன்?

பதில் (ஏழாவது இன்னிங்ஸ்):
1942-இல் பிரேவ்ஸுக்கு வந்தார்; அணி அப்போது பாஸ்டனில் இருந்தது. எதிரணி ஆட்டக்காரர் பீ வீ ரீஸைக் குறிவைத்து எறியச் சொன்ன மேலாளர் கேசி ஸ்டெங்கலின் பேச்சைக் கேட்கவில்லை என்று கீழ் லீகுக்கு அனுப்பப்பட்டார். அடுத்து ராணுவம்: 276-ஆம் பொறியியல் போர்ப் படைப்பிரிவு, பல்ஜ் சண்டை, பிறகு ரைன் ஆற்றின் ரேமாகன் பாலம். காலில் குண்டுச் சிதறல் பட்டு பர்ப்பிள் ஹார்ட் (போரில் காயம்பட்டவருக்கான பதக்கம்) பெற்றார். மேஜர் லீகில் முதல் வெற்றி 1946-இல், 25 வயதில்.

400 ஆகியிருக்குமா என்பதற்கு என் பதில்: சந்தேகம். 1942-இல் அவர் பக்குவப்படாத இளைஞர். அந்த வருடங்களில்தான் முதிர்ந்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். 20 அல்லது அதற்கு மேல் வெற்றி பெற்ற 13 சீசன்களும் போருக்குப் பிறகு வந்தவை. 20 வயதிலிருந்தே வருடத்துக்கு 250 இன்னிங்ஸ் வீசியிருந்தால் அந்தக் கை 1963 வரை தாங்கியிருக்குமா?

பதில் (இடக்கை):
அந்தக் கை எவ்வளவு தாங்கியது என்பதற்கு 1963 ஜூலை 2 போதும். சான் ஃபிரான்சிஸ்கோ, கேண்டில்ஸ்டிக் பார்க். எதிரே ஜயன்ட்ஸின் 25 வயது பிட்ச்சர் வான் மாரிச்சல். வழக்கமான ஒன்பது இன்னிங்ஸ் தாண்டி, 15 முடிந்தும் 0-0. மாரிச்சல் 227 பந்து, ஸ்பான் 201. ஸ்பான் கொடுத்தது ஒரே ஒரு வாக் (பேட்டருக்கு இலவசமாக முதல் பேஸ்), அதுவும் 14-ஆவது இன்னிங்ஸில் வில்லி மேஸுக்கு வேண்டுமென்றே கொடுத்தது. 16-ஆவதில் ஒரு ஸ்க்ரூபால் சரியாக விலகாமல் தங்கிவிட, மேஸ் அதை வேலிக்கு அப்பால் அடித்தார், ஹோம் ரன். 1-0.

1951-இல் 12 முறை ஹிட் இல்லாமல் திணறிய புதுப் பையன் மேஸின் முதல் மேஜர் லீக் ஹிட்டும் ஹோம் ரன்தான். வீசியவர் இதே ஸ்பான்.