பின் சில்லுக்குள் நீடில் ரோலர் திரும்பத் திரும்ப ஒடிகிறது

வெல்லாவெளி வயற்காரன்:
உழவு மெஷின் 5,000 மணித்தியாலம் ஓடியது. பின் சில்லுக்குள் பிளானட்டரி, அதாவது நடுக் கியரைச் சுற்றி 3 பிளானட் கியர். பெரும்போகச் சேற்றுழவில் இடப்பக்கம் கறகறத்தது. கழட்டினால் ஒரு கியருக்குள் இரண்டு நீடில் ரோலர் (ஊசி போல மெல்லிய உருளை) ஒடிந்து கிடந்தன. அந்தக் கியரைத் தாங்கும் பின்னில் (pin, அச்சுக் கம்பி) ஒரு பக்கம் மட்டும் நகம் தட்டுகிற பள்ளம், மறுபக்கம் புதுசு போல. வயசுதான் என்று நினைத்து, ஒடிந்த இரண்டையும் மாற்றிப் பூட்டினேன். 40 மணித்தியாலத்தில் மறுகாவும் அதே கதை. தடித்த 140 கியர் ஒயில் ஊற்றினால் நிற்குமா?

படுவான்கரையான்:
ஒயில் பால் தேத்தண்ணி நிறமா, பிளேன்டி நிறமா? பால் என்றால் சீல் போய்த் தண்ணி ஏறிவிட்டது.

வெல்லாவெளி வயற்காரன்:
பிளேன்டிதான் அண்ணன். மட்டமும் சரி.

சம்மாந்துறைக் கராஜ்காரன்:
தம்பி, பின் ஒரு பக்கம் தேய்வது அதன் தலையெழுத்து. உள்ளே சன் கியரும் வெளியே ரிங் கியரும் பிளானட்டை ஒரே திசைக்குத்தான் தள்ளும். இரண்டு பாரமும் சேர்ந்து பின்னின் ஒரே பக்கத்தில் இறங்கும். பின் தன்பாட்டில் சுழலாதே, முன்னுக்கு ஓடும் வரை அதே இடம்தான் அடி வாங்கும். அந்தப் பள்ளம் விழுந்த பின்னில் புது ரோலர் போட்டது முதல் பிழை. பழசோடு புதுசைக் கலந்தது அடுத்தது. தேய்ந்ததற்குப் பக்கத்தில் புதுசு மயிரிழை தடிப்பு, பாரத்தை அதுதான் சுமக்கும். செட்டாக மாற்ற வேண்டும்.

ஒயிலுக்கு வருவோம். சேற்றில் மணிக்கு 4 கிலோமீற்றர் ஓடினால் பெரிய சில்லு நிமிடத்துக்கு 15 சுற்று வந்தாலே பெரிசு. அந்த வேகத்தில் ஒயில் வீசியடிக்காது. அந்தப் பின் சுற்றிக் கீழே வரும்போது ஒயிலில் முங்கி, நடுத்துளையில் அள்ளிய ஒயிலைக் குறுக்குத் துளையால் ரோலருக்கு விடும். வழி அடைத்திருந்தால் 140 மட்டும் எப்படிப் போகும்? பிரேக்கும் அதே ஒயிலில் என்றால் 140ஐத் தொடவே வேண்டாம், பிரேக் கெடும். பூட்டும்போது ரோலர் விழாமல் எதை வைத்து ஒட்டினீங்க?

வெல்லாவெளி வயற்காரன்:
சில்லு பேரிங் கிரீஸ் காக்கா. காயக்கூடாதென்று பின் துளைக்குள்ளும் அடைத்தேன்.

சம்மாந்துறைக் கராஜ்காரன்:
அட கடவுளே. ஒட்டுவதற்கு வாசலின் ஒரு பூச்சுப் போதும், சூட்டில் உருகி ஒயிலோடு போய்விடும். அந்தக் கிரீஸ் ஒயிலையும் விடாது, தேய்ந்த தூளையும் வெளியே விடாது, உள்ளேயே கிடந்து அரைக்கும்.

வெல்லாவெளி வயற்காரன்:
இப்பத்தான் கம்பி விட்டுக் குத்தினேன் காக்கா. சுண்டுவிரல் நீளத்துக்குக் கறுப்பாய்க் கட்டி வந்தது, உள்ளே மினுமினுப்பு. பின்னும் ரோலர் செட்டும் வாங்க நாளை கல்முனைக்கு வாறேன்.

சம்மாந்துறைக் கராஜ்காரன்:
வலப்பக்கமும் நீங்கள் பூட்டியதா?

வெல்லாவெளி வயற்காரன்:
ஓம் காக்கா.