மேட்டூர் பவர் ஹவுஸை உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?

வடசென்னைவாசி:
அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேட்டூர் பவர் ஹவுஸை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்கிறார். ஆடிப்பெருக்குக்குக் கூட்டிப் போகலாமா? 16 கண் மதகில் தண்ணீர் பாய்வதையும் காட்ட வேண்டும். அவருக்கு மூட்டுவலி, அதிகம் நடக்க முடியாது.

கருமலைக்கூடல்காரன்:
ஆடிப்பெருக்கு அன்றைக்கு வேண்டாம் தம்பி. கூட்டம் நெரியும், வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். அப்பாவுக்குத் தாங்காது.

அதைவிட முக்கியம், 16 கண் எல்லா நாளும் ஓடாது. பாசனத்துக்கு விடுகிற தண்ணீர் முதலில் மின் நிலையங்கள் வழியாகத்தான் வெளியே வரும். விநாடிக்குச் சுமார் 22,000 கன அடி வரை அங்கேயே போய்விடும். அணை 120 அடிக்கு நிரம்பி, வரத்தும் அந்த 22,000 கன அடிக்கு மேல் இருந்தால்தான் மதகைத் தூக்குவார்கள். பேப்பரில் நீர்மட்டம், வரத்து ரெண்டையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மதகு அணையிலேயே இல்லை, பக்கவாட்டில் தனியாக இருக்கிறது. எதிரே பாலம், காரை விட்டு இறங்கினாலே போதும். வெள்ளம் போகும்போது சாரலில் சட்டை நனைந்துவிடும். பாலம் அதிர்வது உள்ளங்காலில் தெரியும். அப்பாவை அங்கே அவசரப்படுத்தாதீர்கள்.

பவர் ஹவுஸ் ரெண்டு. அணையடியில் இருப்பது 1937-இல் ஓட ஆரம்பித்தது, இப்போது 50 மெகாவாட். அறுபதுகளில் வந்த சுரங்க மின் நிலையம் 200 மெகாவாட். அனுமதி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். வாரியத்தில் இருந்தவர் என்பதால் அப்பாவையே முன்கூட்டி எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.

பண்ணவாடி மருமகள்:
தண்ணீர் இறங்கின பிறகும் ஒரு நாள் வாங்க தம்பி. 1934-இல் அணை திறந்தபோது முழுகிப்போன ஊர்கள் எங்கள் பண்ணவாடிப் பக்கம்தான். மட்டம் 70 அடிக்குக் கீழே போனால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே தெரியும். என் மாமியார் வீட்டில் அதற்கு இன்னும் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள்.

வடசென்னைவாசி:
நன்றி அண்ணா, அக்கா. 16 கண்ணுக்கு எந்த மாதம் தோது?

கருமலைக்கூடல்காரன்:
தேதி சொல்ல முடியாது தம்பி. குடகிலும் வயநாட்டிலும் மழை பிடித்து, கர்நாடகாவில் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பினால் நமக்கு வரும். ஜூலை பாதியிலிருந்து, காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் வரத்தைக் கவனியுங்கள். அங்கே ஏறினால் பையைக் கட்டிவிடலாம்.