தட்டம்மை ஊசியும் மாட்டுக்குப் போடும் கோமாரி ஊசியும்: பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

வணக்கமுங்க. காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாலை நேரத்தில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிறேன். இந்த வாரம் நோய் எதிர்ப்பு மண்டலம்.

தோல்தான் நம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிய கிளுவை முள்வேலி, சந்து கிடைத்து நுழையும் கிருமியை வெள்ளையணுக்கள் விழுங்கும் என்றதும் பிடித்துக்கொண்டார்கள். பி செல்கள் எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும், டி செல்களில் ஒரு வகை கிருமி புகுந்த செல்லையே அழிக்கும், இரண்டிலும் சில நினைவுச் செல்களாகத் தங்கிவிடும் என்பது வரை வந்துவிட்டோம். 1796-இல் ஆங்கில மருத்துவர் ஜென்னர் பெரியம்மையைத் தடுக்க மாட்டம்மைக் கொப்புளத்து நீரை ஒரு சிறுவனுக்குச் செலுத்திய கதைக்கு வகுப்பே அமைதியானது. மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் அல்லவா!

அப்புறம் ஒரு பெண் கேட்டாள்: "எங்க கட்டுத்தரைக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா கோமாரி ஊசி போட வர்றாங்க. தட்டம்மைக்கு மட்டும் சின்ன வயசுல ரெண்டு ஊசி எப்படிங்க சார் போதும்? மாட்டுக்கு நினைவுச் செல் இல்லீங்களா?"

எவ்வளவு நல்ல கேள்வி! தட்டம்மை ஊசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ், கோமாரி ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ், கோமாரியில் வகைகளும் பல என்று சொன்னேன். ஆனால் உயிருள்ளது ஏன் நீண்ட நாள் நினைவைத் தருகிறது என்பதை அந்த வயதுக்கு ஏற்றபடி விளக்க எனக்கு வரவில்லை.

குழுவில் உள்ள கால்நடை மருத்துவர்கள், செவிலியர்கள், ஆசிரியர்கள் யாராவது நல்ல உவமையோ படமோ இருந்தால் தாருங்கள். வெள்ளிக்கிழமை மறுபடி வகுப்பு. அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.