ஸ்டிக்கர் கிழியலன்னா காசு பத்திரமா?

சாவிக்கொத்து:
காசேசியஸ்னா, டிஜிட்டல் பணமான பிட்காயினை எடுக்கத் தேவையான ரகசியச் சாவியை (பிரைவேட் கீ) ஹாலோகிராம் ஸ்டிக்கருக்கு அடியில வெச்ச உலோகக் காசு. "காசேசியஸ் வெள்ளிக் காசுல ஹாலோகிராம் ஸ்டிக்கர் கிழியாம இருந்தா உள்ள இருக்குற பிட்காயின் பத்திரம், வேற எதையும் பார்க்க வேண்டாம்"னு வெள்ளித்தட்டு எழுதியிருக்கார். இதை நம்பி யாராவது பணம் கட்டினா யார் பொறுப்பு? 2013 டெஃப் கான் ஹேக்கர் மாநாட்டுலயே ஊசியால கரைப்பானைச் செலுத்தி அந்த ஸ்டிக்கரைத் தடயமில்லாம தூக்கிக் காட்டிட்டாங்க. தூக்கினவன் பிரைவேட் கீயைப் பார்த்துட்டுத் திரும்ப ஒட்டிடலாம். முழு ஸ்டிக்கர் எதுக்கும் சாட்சி இல்ல.

வெள்ளித்தட்டு:
வந்துட்டார் வாத்தியார். அந்த ஸ்டிக்கரை உரிச்சா தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமா தடம் விழும், காசு பிடிச்சுப் பழகின கண்ணுக்குத் தப்பாது. மாநாட்டுல வித்தை காட்டுறது வேற, சந்தை வேற. ஸ்டிக்கர்ல தெரியுற 8 எழுத்தை வெச்சு பிட்காயின் முகவரியை (கணக்கு எண் மாதிரி) இணையத்துல தேடுங்க. 10 பிட்காயின் அசையாம இருக்கா? முடிஞ்சது.

சாவிக்கொத்து:
முடியல. பேலன்ஸ் முகவரியில இருக்கு. உங்க கையில இருக்குற காசுக்குள்ள அதோட கீ இருக்குன்னு அது சொல்லாது. முகவரிப் பட்டியல் பொதுவுல கிடைக்குது, அந்த 8 எழுத்தைப் போலிக் காசுல எவனும் அச்சடிச்சுடலாம். அதனால பட்டியல்ல அந்த முகவரி எந்த வகைக் காசுக்கு உரியதுன்னு பாருங்க. பித்தளை 1 பிட்காயின் காசோட முகவரி வெள்ளிக் காசு மேல இருந்தா அங்கேயே விட்டுடுங்க.

அடுத்து பிட்காயின் கேஷ், அதாவது பிட்காயின்ல இருந்து பிரிஞ்ச இன்னொரு டிஜிட்டல் நாணயம். 2017 ஆகஸ்ட் 1-ல பிட்காயின் கணக்கேட்டுச் சங்கிலி (பிளாக்செயின்) ரெண்டாப் பிரிஞ்சப்போ இருப்பு இருந்த ஒவ்வொரு முகவரியிலும் அதே அளவு அதுவும் இருக்கும். கீ இல்லாம அதை எடுக்க முடியாது. பிட்காயின் அசையாம, கேஷ் மட்டும் போயிருந்தா கீயை யாரோ பார்த்துட்டாங்க. ஸ்டிக்கர் எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் சரி.

ரசவாதி:
கேஷும் அசையலன்னா?

சாவிக்கொத்து:
அப்பவும் உத்தரவாதம் இல்லைங்க. கீயைப் பார்த்தவன் காத்திருக்கலாம். இந்தச் சோதனை கெட்டதைக் காட்டும், நல்லதை நிரூபிக்காது.

வெள்ளித்தட்டு:
ஆக, உங்க சோதனையும் எதையும் நிரூபிக்கல. ஸ்டிக்கர் கிழியலன்னா பத்திரம்னு நான் சொன்னா மட்டும் குத்தம். மினி கீ (காசுக்குள்ள அச்சடிச்சிருக்குற, பிரைவேட் கீயோட சுருக்க வடிவம்) எல்லாமே 30 எழுத்துன்னு அடிச்சுச் சொன்ன ஆள்தானே நீங்க? 2011 முதல் தொடர்ல 22 எழுத்து. அதுக்கே இன்னும் பதில் வரல.

சாவிக்கொத்து:
நான் பேசினது இரண்டாம் தொடரைப் பத்தி. அதுல 30தான். எழுத்தை எண்ணத் தெரிஞ்சா போதாது, கீயை எப்படி எடுக்கணும்னும் தெரியணும். மினி கீயை ஷா-256ங்கிற கணித முறையில போட்டா வர்றதுதான் பிரைவேட் கீ. தப்பில்லாமப் படிச்சோமான்னு பார்க்க, கடைசியில ஒரு கேள்விக்குறி சேர்த்து ஷா-256 போடணும். முதல் பைட் 00 வரணும். வரலன்னா ஏதோ ஒரு எழுத்தைத் தப்பாப் படிச்சிருக்கீங்க. இந்த முகவரிகள் சுருக்காத பொதுச் சாவியில (பிரைவேட் கீயில இருந்து கணக்கிடுற இன்னொரு எண்) உருவானவை. வாலட் செயலி சுருக்கிய சாவியா எடுத்துக்கிட்டா வேற முகவரி வரும், பேலன்ஸ் பூஜ்யம் காட்டும். உடனே 'காசு காலி, ஏமாத்திட்டாங்க'ன்னு ஓலம். இங்க பாதிப் புகார் இந்த ரகம்தான்.

ரசவாதி:
வெள்ளி அசல்தானான்னு தண்ணியில முக்கி அடர்த்தி பார்க்கலாமா? 10.49 வரணும்ல?

வெள்ளித்தட்டு:
தாராளமா. 1 ட்ராய் அவுன்ஸ், 31.1 கிராம், 999 வெள்ளி.

சாவிக்கொத்து:
ஐயோ, முக்காதீங்க! ஓரம் வழியா ஈரம் ஏறினா பசை விடும், உள்ளே இருக்குறது காகித வட்டு. சாதா வெள்ளிக் காசை அசிட்டோன்ல அலசுற பழக்கம் இருக்கவங்களும் இதுகிட்ட வரக்கூடாது. எடை, விட்டம், தடிமன் பாருங்க. ஸ்டிக்கர் இல்லாத பக்கத்துல, உலோகத்தைச் சோதிக்கிற எக்ஸ்ரே கருவி வைங்க. பிவிசி உறையில போடாதீங்க, வெள்ளியில பச்சை படியும். ஸ்டிக்கரைத் தெய்வமாக் கும்பிடுற ஆளே அதைத் தண்ணியில போடச் சொல்றார் பாருங்க.

வெள்ளித்தட்டு:
ஒரு நிமிஷம் நனைஞ்சா ஒண்ணும் ஆகாது. இந்தக் காசை உருவாக்கின மைக் கால்டுவெல் செஞ்ச ஸ்டிக்கர் அது, தபால் தலை இல்ல.

சாவிக்கொத்து:
அந்தக் கால்டுவெல்லே ஸ்டிக்கரை மட்டும் நம்பச் சொல்லல. கீயைக் கடவுச்சொல்லால பூட்டுற பிப்-38 முறையை முன்வெச்சதே அவர்தான். வாங்குறவர் தன் கடவுச்சொல்லுல இருந்து ஒரு இடைக்குறியீடு எடுத்து அனுப்பணும். காசு அடிக்கிறவர் அதை வெச்சு, பூட்டின கீயை அச்சடிப்பார். உண்மையான கீ அவருக்கே தெரியாது. ஸ்டிக்கரைத் தூக்கினாலும் கடவுச்சொல் இல்லாம பணம் வராது. கடவுச்சொல்லை மறந்தா உங்களுக்கும் வராது. ஸ்டிக்கர் போதும்னா அவர் ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?

வெள்ளித்தட்டு:
அது வேற வகை. சாதா காசுக்குக் கீயை இணையம் இல்லாத கணினியில உருவாக்கி அழிச்சுட்டேன்னு சொன்னதும் அவரேதான். 2013 நவம்பர்ல அமெரிக்க நிதிக்குற்றத் தடுப்புப் பிரிவோட கடிதத்துக்கு அப்புறம் பணம் ஏத்தின காசு விக்கிறதையும் நிறுத்திட்டார். புதுசா வராது. முழு ஸ்டிக்கரோட இருக்குற காசைச் சந்தை மதிக்குது, அதான் உள்ளே இருக்குற பிட்காயினை விடக் கூடுதலாக் கொடுக்குறாங்க.

சாவிக்கொத்து:
விலை கூடினா கீ பத்திரம்னு ஆயிடுமா? கேஷ் மட்டும் போன முகவரி, மேல முழு ஸ்டிக்கர். அந்தக் காசை நீங்க வாங்குவீங்களா, மாட்டீங்களா?

வெள்ளித்தட்டு:
22 எழுத்துக்கு முதல்ல பதில் சொல்லுங்க.

ரசவாதி:
அண்ணே, ரெண்டு பேரும் சண்டையை அப்புறம் வெச்சுக்கோங்க. எக்ஸ்ரே கருவி முலாமைத் தாண்டி உள்ளே இருக்குற உலோகத்தையும் காட்டுமா?