பழைய காரின் ஹீட்டர் பெட்டியைப் பிரித்து மாட்டிய அனுபவம்

அப்பா ஓட்டிய கார். முப்பது வயது தாண்டிவிட்டது. எஞ்சினில் இன்றும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஹீட்டரைப் போட்டால் வெதுவெதுவென்று கொஞ்சம் காற்று, கூடவே கறுப்புக் கறுப்பாகப் பொடி. மழையில் முன்கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்தால் விலகவே விலகாது. ஓர் இரவு, ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டியபோது சாலையோரம் நடந்து வந்தவரைக் கடைசி நேரத்தில்தான் பார்த்தேன். கை நடுங்கிவிட்டது. ஹீட்டர் வெறும் சொகுசு என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட்டது எவ்வளவு பெரிய தவறு என்று அன்றுதான் உறைத்தது.

முதலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஹீட்டர் கோர் அடைத்திருக்கிறது என்று சொல்லி அதை மாற்றினார்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ரேடியேட்டர்தான் கோர். எஞ்சினைக் குளிர வைக்கும் திரவமான கூலண்ட் சூடாக அதற்குள் ஓடும், புளோயர் என்ற விசிறி தள்ளும் காற்று அதன் இடுக்குகளில் புகுந்து சூடாகி வெளியே வரும். புதுக் கோர் போட்ட பிறகும் அதே வெதுவெதுப்பு, அதே பொடி.

பிறகுதான் ஒரு எளிய சோதனை செய்தேன். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகடான ஃபயர்வாலுக்குள் நுழையும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் (ரப்பர் குழாய்களையும்) கவனமாகத் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் சூடு. ஒன்று சூடாகவும் மற்றது ஆறிப்போயும் இருந்தால் கோர் அடைத்திருக்கும், அல்லது ஹீட்டர் வால்வு திறக்கவில்லை. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால், எஞ்சின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சூடு என்றால் கூலண்ட் ஒழுங்காக ஓடுகிறது. காற்றுதான் வேறு வழியில் போகிறது. இதை முதலிலேயே செய்திருந்தால் நல்ல கோரைக் கழற்றிப் போட்டிருக்க மாட்டோம்.

அடுத்த விடுமுறையில் நானே இறங்கினேன். பேட்டரியைக் கழற்றி, எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு கூலண்டை வடித்தேன். வடித்ததை உடனே மூடி வைத்துவிடுங்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும். கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து. ஹோஸ் இறுகியிருந்தால் முறுக்கி இழுக்கவே கூடாது, கோரின் குழாய் மெல்லியது, மடங்கிவிடும். ஹோஸை நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்து எடுத்தேன். ஹோஸ் போனால் புதுசு வாங்கலாம். டேஷ்போர்டைக் கழற்றியதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: பொறுமை, நிறையப் புகைப்படங்கள், ஒவ்வொரு இடத்து ஸ்க்ரூவுக்கும் தனிக் கவர்.

கோர் இருக்கும் ஹீட்டர் பெட்டியை இரண்டு பாதியாகத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. உள்ளே காற்றைத் திருப்பிவிடும் மூடிகளில் ஒட்டியிருந்த பஞ்சு ஒன்றுகூட மிச்சமில்லை. அந்தக் காலத்துப் பாலியூரித்தேன் பஞ்சு ஈரத்திலும் சூட்டிலும் வருடங்கள் போகப் போக உதிர்ந்துவிடும். வென்ட் வழியாக முகத்தில் விழுந்த கறுப்புப் பொடி அதுதான். அதைவிட முக்கியம், கோரைச் சுற்றியிருந்த பஞ்சும் போய், விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. காற்று எப்போதும் எளிய வழியைத்தான் பிடிக்கும். நெருக்கமான தகடுகளுக்குள் புகுந்து போவானேன் என்று பக்கத்துச் சந்து வழியாகச் சூடாகாமலே போயிருக்கிறது. குளிர்காற்றை அடைக்கவேண்டிய மூடியும் பாதியில் நின்றது. அந்த மூடியை இழுக்கும் கேபிளின் உறை அதன் கிளிப்பில் வழுக்கிப் பின்னால் நகர்ந்திருந்தது. இந்த நிலையில் எத்தனை கோர் மாற்றினாலும் என்ன பயன்?

பழைய பசையை ஸ்பிரிட்டால் துடைத்தெடுக்கவே ஒரு பகல் போனது. புதிதாக ஒட்ட, தண்ணீர் உறிஞ்சாத, பின்னால் பசையுள்ள ரப்பர் பஞ்சு வாங்கினேன். இதில் ஒரு தவறு செய்தேன். தடிமனாக இருந்தால் நன்றாக அடைக்கும் என்று 10 மி.மீ. ஒட்டினேன். மூடி முழுதாக மூடவில்லை, கேபிளும் முக்கியது. எல்லாவற்றையும் உரித்துவிட்டு 5 மி.மீ. போட்டபின் மெத்தென்று உட்கார்ந்தது. உங்கள் பெட்டிக்கு எவ்வளவு தடிமன் வேண்டும் என்பதை, மூடியைக் கையால் மூடி இடைவெளியை அளந்தே முடிவு செய்யுங்கள்.

புளோயர் கடைசி வேகத்தில் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. இப்படி இருந்தால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். குறைந்த வேகங்களுக்கு மின்சாரம், அதை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் வழியாகப் போகிறது, கடைசி வேகத்துக்கு நேராகப் போகிறது. அந்த ரெசிஸ்டரைக் குளிர வைப்பதும் புளோயர் காற்றேதான். என் காரில் காய்ந்த இலைகள் காற்றுப்பாதையை அடைத்ததில் அது எரிந்துபோயிருந்தது. இலைகளை அள்ளி, மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் வாங்கும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைச் சுத்தம் செய்து, அதில் உரசும் தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றி, அச்சைத் தாங்கும் புஷ்ஷில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். உருகியிருந்த கனெக்டரையும் மாற்றினேன். அதை அப்படியே விட்டால் தீப்பிடிக்கும்.

டேஷ்போர்டைத் திரும்ப மாட்டுவதற்கு முன்பே ஹோஸ்களை இணைத்து எஞ்சினை ஓட்டி, எங்காவது கசிகிறதா என்று பார்த்துக்கொண்டேன். கோரில் காற்று அடைபடாமல் இருக்க, காரின் முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் கூலண்ட் நிரப்பினேன்.

காற்று கொதித்தது! ஆனால் ஜன்னல்களை மூடினால் வேகம் குறைந்தது; ஒரு கண்ணாடியை விரலளவு இறக்கினால் உடனே கூடியது. உள்ளே வரும் காற்று வெளியேறவும் வேண்டுமே! அந்த வழி பின்பக்கத்தில் இருக்கிறது. 1964இல் ஃபோர்டு கார்ட்டினாவில் ‘ஏரோஃப்ளோ’ என்று பெரிதாக விளம்பரப்படுத்தியதும் இதே சங்கதிதான்: முன்னால் காற்று நுழையும், பின்தூண்களில் இருக்கும் துளைகள் வழியே வெளியேறும். என் காரில் எப்போதோ சத்தம் குறைக்க ஒட்டிய ஷீட் அந்தத் துளைகளை மூடியிருந்தது. அதை வெட்டி எடுத்தேன். இப்போது மழையிலும் முன்கண்ணாடி இரண்டு மூன்று நிமிடத்தில் தெளிந்துவிடுகிறது. அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் வென்ட்டின் முன்னால் கையை வைத்துக்கொண்டே வந்தார்.

* * *

(ஒரு வாசகரின் கருத்து) அருமையாக எழுதியிருக்கிறீர்கள். என்னுடைய கார் பின்பக்க எஞ்சின், காற்றால் குளிர்வது. அதில் கூலண்டே கிடையாது. புகைக்குழாயைச் சுற்றியுள்ள உறைக்குள் காற்று ஓடிச் சூடாகி உள்ளே வரும். ஹீட்டர் போட்டால் தலைவலி வந்தது. வயதுதான் காரணம் என்று விட்டிருந்தேன். ஒருநாள் என் மனைவிக்கும் அதே தலைவலி வரவே, காரைத் தூக்கிப் பார்த்தால் உறைக்குள் குழாய் துருப்பிடித்து ஓட்டை. கார்பன் மோனாக்சைடு அப்படியே உள்ளே வந்திருக்கிறது. அதற்கு மணமில்லை, நிறமில்லை. இந்த வகைக் கார் வைத்திருப்பவர்கள் துரு இருக்கிறதா என்று பார்க்காமல் ஹீட்டரைத் திறக்கவே வேண்டாம். இரண்டு பக்க உறைகளையும் மாற்றிய பிறகுதான் நான் திரும்ப ஓட்டினேன்.

* * *

(இன்னொரு வாசகரின் கருத்து) நானும் ஒன்று சேர்க்கிறேன். கால் வைக்கும் இடத்தில் கார்பெட் நனைந்திருந்ததால் கோர் ஒழுகுகிறது என்று கழற்றக் கிளம்பினேன். அப்புறம் ஈரத்தை ஒரு வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்தேன். நிறமில்லை, விரலில் வழுக்கவில்லை, அந்த இனிப்பு வாடையும் இல்லை. வெறும் மழைத்தண்ணீர். வைப்பருக்குக் கீழே, காற்று நுழையும் பள்ளத்தின் வடிகால் துளையில் இலை அடைத்து, தண்ணீர் நிரம்பிப் புளோயர் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. கம்பியால் குத்தி விட்டதும் நின்றது. கோர் ஒழுகினால் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு படலம் படியும், கூலண்ட் அளவும் இறங்கும். எனக்கு இரண்டும் இல்லை.