பிடுங்கிய காலத்தில் கர்த்தர் எங்கே இருந்தார்?

கேள்வி:
பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். 2018 நவம்பர் 16, கஜா புயலில் அப்பா வைத்த நாற்பது தென்னையும் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. போன தையில் அப்பாவும் காலமாகிவிட்டார். நட ஒரு காலம், நட்டதைப் பிடுங்க ஒரு காலம் என்று பைபிளில் பிரசங்கி 3-ஆம் அதிகாரத்தை வாசித்தாலே தொண்டை அடைக்கிறது. உங்களுக்கு அது எப்படிப் புரிந்தது?

பதில் 1:
அண்ணா, எனக்கு ஊர் வேளாங்கண்ணி. 2004-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சுனாமியில் தம்பி போனான். ஐந்து வருடம் மாதா கோயில் வாசலை மிதிக்கவில்லை. அப்புறம் ஒரு ஆகஸ்ட் 29, திருவிழாக் கொடியேற்றத்துக்கு நடந்து வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க நின்றேன். ஜெபம் அங்கேதான் திரும்பி வந்தது. விளக்கம் இன்னும் வரவில்லை.

பதில் 2:
தம்பி, சம்பா நாற்றைப் பறித்தால்தான் நடவு. நாற்றங்காலிலேயே விட்டால் விளைச்சல் இல்லை. சாய்ந்த தென்னைக்கு இது பொருந்தாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். பைபிளில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்தார்களே, அவர்கள் செய்ததில் அதுதான் நல்லது. நானும் அப்படி உன்னோடு உட்காருகிறேன்.

கேட்டவர்:
சரி ஐயா. அப்பா நினைவு நாளுக்கு இரண்டு தென்னங்கன்று வாங்கியிருக்கிறேன். குழி வெட்டியாச்சு.